தேர்தல் பணம் எந்த வழியாகப் போகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2026 நவம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் வாக்குப்பதிவு. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பணத்தைச் சுற்றியே இருந்ததால் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் நாங்கள் சொல்வது காங்கிரஸ், அதிபர் தேர்தல்களுக்கான கூட்டாட்சி விதிகள். மாநில, நகரத் தேர்தல்களுக்கு அந்தந்த மாநிலத்தின் சட்டம்.

ஒரு வேட்பாளருக்கு ஒருவர் 3,500 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாதாம். ஆனால் 2024 தேர்தலில் எலான் மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். இது எப்படிச் சட்டப்படி சரி? (வாசகர், நியூ ஜெர்சி)

பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை வைத்துத்தான் விதி மாறுகிறது. வேட்பாளரின் பிரசாரக் குழுக் கணக்கில் விழும் பணத்துக்கு வரம்பு உண்டு. வேட்பாளரோடு கலந்து பேசாமல் வெளியார் தாமாகச் செய்யும் செலவுக்கு வரம்பு கிடையாது.

இந்தப் பிரிவினையை உண்டாக்கியது உச்ச நீதிமன்றம். வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு 1974-இல் காங்கிரஸ் கொண்டுவந்த திருத்தம் கொடுப்பதற்கும் செலவழிப்பதற்கும் சேர்த்தே உச்சவரம்பு விதித்தது. 1976-இல் பக்லி எதிர் வேலியோ வழக்கில் நீதிமன்றம் அதை இரண்டாகப் பிளந்தது. வேட்பாளர் கையில் பணம் கொடுப்பது லஞ்சத்துக்கு வழிவகுக்கலாம், ஆகவே அதற்கு வரம்பு செல்லும். செலவுக்கு வரம்பு போடுவது பேச்சுரிமைக்கு வரம்பு போடுவதாகும், ஆகவே அது செல்லாது. வேட்பாளர் தன் சொந்தப் பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்பதும் அந்தத் தீர்ப்பிலிருந்து வந்ததுதான். மைக்கேல் புளூம்பெர்க் 2020-இல் சுமார் 100 கோடி டாலர் சொந்தப் பணம் செலவழித்தார். அவர் வென்ற ஒரே இடம் அமெரிக்கன் சமோவா.

2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் வழக்கில், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும்கூடத் தனித்துச் செலவழிக்கலாம் என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. இரண்டே மாதத்தில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த படி ஏறியது. தனித்துச் செய்யும் செலவால் ஊழல் வராது என்றால், அந்தச் செலவை மட்டுமே செய்யும் குழுவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு எதற்கு வரம்பு? வரம்பின்றிப் பணம் வாங்கித் தனித்துச் செலவழிக்கும் 'சூப்பர் பேக்' என்ற குழு பிறந்தது இப்படித்தான். மஸ்க்கின் பணம் போனதும் அந்த வழியில்தான்.

நீங்கள் சொல்லும் 3,500 டாலர் 2025-26 சுழற்சிக்கான தொகை. விலைவாசிக்கேற்ப இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும்; சென்ற சுழற்சியில் 3,300. இது ஒரு தேர்தலுக்கான வரம்பு. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி ஒரு தேர்தல், பொதுத் தேர்தல் இன்னொன்று, ஆக 7,000. ரன்ஆஃப் எனும் இரண்டாம் சுற்று நடந்தால் மேலும் 3,500. கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் சம்பாதித்தாலும் இருவருக்கும் தனித்தனி வரம்பு உண்டு.

முன்பு ஒருவர் எல்லா வேட்பாளர்களுக்கும் கட்சிகளுக்கும் சேர்த்து இரண்டு ஆண்டுகளில் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு மொத்த வரம்பும் இருந்தது. 2013-14-இல் அது 1,23,200 டாலர். 2014-இல் மெக்கட்சன் தீர்ப்பு அதை நீக்கியது. அதன் பலனை நிதி திரட்டும் பெரிய விருந்துகளில் காணலாம். கூட்டு நிதிக் குழு ஒன்றுக்கு ஒரே காசோலை எழுதுவார்கள். அதில் முதல் 7,000 வேட்பாளருக்கு, அடுத்து ஆண்டுக்கு 44,300 வரை தேசியக் கட்சிக்கு, பிறகு மாநிலக் கட்சி ஒவ்வொன்றுக்கும் 10,000 என்று பிரிந்து போகும். காசோலை பல லட்சம் டாலர் ஆகலாம். ஒவ்வொரு துண்டும் வரம்புக்குள்தான் இருக்கும்.

சூப்பர் பேக்குக்கு இருக்கும் முக்கியமான தடை, வேட்பாளருடன் சேர்ந்து திட்டமிடக் கூடாது என்பது. சேர்ந்து செய்தால் அந்தச் செலவே வேட்பாளருக்குக் கொடுத்த நன்கொடையாகி வரம்பை மீறிவிடும். நடைமுறையில் இந்தச் சுவர் மெலிந்துகொண்டே வருகிறது. வேட்பாளர் தன் இணையதளத்தில் வசனமில்லாத வீடியோக் காட்சிகளையும், "வாக்காளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று தொடங்கும் குறிப்பையும் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறார். சூப்பர் பேக் அதை எடுத்து விளம்பரம் ஆக்குகிறது. இருவரும் பேசிக்கொண்டதாக எப்படி நிரூபிப்பது? போதாக்குறைக்கு, வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்கும் வேலையில் இரு தரப்பும் கலந்து செயல்படலாம் என்று 2024 மார்ச்சில் தேர்தல் பணத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சித் தேர்தல் ஆணையமே (இனி, தேர்தல் நிதி ஆணையம்) கருத்துரை தந்தது. மஸ்க்கின் குழு அந்த ஆண்டு அதைத்தான் பெரிய அளவில் செய்தது. தனித்துச் செய்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் முழுத் தீர்ப்பும் நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு இன்று அடித்தளம் மிகக் குறைவு என்பது எங்கள் கருத்து.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வரி கட்டுகிறேன். பிடித்த வேட்பாளருக்கு 50 டாலர் அனுப்பலாமா? என் மனைவி அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். (வாசகர், டெக்சாஸ்)

நீங்கள் அனுப்பக் கூடாது. 50 அல்ல, 5 டாலரும் கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் நன்கொடை கொடுப்பதைச் சட்டம் முழுமையாகத் தடுக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். அதிபர் தேர்தலில் தொடங்கி உள்ளூர்ப் பள்ளி வாரியத் தேர்தல் வரை, கட்சிக்கும் சூப்பர் பேக்குக்கும் சேர்த்து, இந்தத் தடை உண்டு. கிரீன் கார்டு உள்ளவர் தாராளமாகக் கொடுக்கலாம்.

உங்கள் மனைவி தம் பணத்திலிருந்து, தம் முடிவாகக் கொடுக்கலாம். கூட்டுக் கணக்கு என்றால் அவரே கையெழுத்திட வேண்டும், இணையத்தில் அவர் பெயரிலேயே பதிய வேண்டும். நீங்கள் பணத்தை அவர் கணக்குக்கு மாற்றிவிட்டு "இதை அவருக்கு அனுப்பு" என்றால், அது இன்னொருவர் பெயரில் கொடுத்த நன்கொடை. அது தனிக் குற்றம்.

சம்பளம் இல்லாமல் உழைக்க உங்களுக்குத் தடையில்லை. தொலைபேசியில் அழைக்கலாம், கதவு தட்டலாம், துண்டறிக்கை கொடுக்கலாம். ஆனால் குழு எந்த வேட்பாளருக்குக் கொடுக்கும், எதில் செலவழிக்கும் என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்காரக் கூடாது.

தெரியாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். பிரசாரக் குழுவின் பொருளாளருக்கு எழுத்தில் தெரிவித்துத் திரும்பக் கேளுங்கள். செல்லாத நன்கொடை என்று தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போனபோது வாக்காளராகப் பதிகிறீர்களா என்று கேட்டார்கள். கிரீன் கார்டு இருக்கிறதே என்று 'ஆம்' சொல்லிவிட்டேன். இப்போது வீட்டுக்கு வாக்காளர் அட்டை வந்திருக்கிறது. (வாசகி, கலிஃபோர்னியா)

இதைத் தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிம அலுவலகத்தில் வாக்காளர் பதிவும் நடக்க வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே கேள்விகள் வேகமாக வரும். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினாலே போதும். அந்தப் பதிவில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற உறுதிமொழியும் இருக்கிறது. குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகச் சொல்வதும், சட்டத்துக்குப் புறம்பாக வாக்களிப்பதும் நாடு கடத்தப்படுவதற்கான காரணங்களில் சேர்ந்தவை.

முதல் காரியம், வாக்களிக்காதீர்கள். அஞ்சலில் வாக்குச்சீட்டு வந்தாலும் நிரப்ப வேண்டாம். அடுத்து ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். பதிவை ரத்து செய்யக் கேட்டு கவுன்ட்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தின் வாசகத்தை அவர் பார்த்துத் தருவது நல்லது. ரத்து செய்த சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்தில், "எப்போதாவது வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா, வாக்களித்திருக்கிறீர்களா" என்ற கேள்வி இருக்கிறது. அங்கே உண்மையைத்தான் எழுத வேண்டும். அப்போது இந்தக் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்.

மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் குடியுரிமை இல்லாதவர்களும் வாக்களிக்கலாம். அது அந்த ஊரோடு சரி.

சிறிய ஐடி கன்சல்டன்சி நடத்துகிறேன். நன்கொடையைக் கம்பெனி காசோலையில் கொடுத்துச் செலவுக் கணக்கில் காட்டலாமா? ஊழியர்கள் சிலரும் கொடுக்க விரும்புகிறார்கள். (வாசகர், இலினாய்)

முதலில் வரி. அரசியல் நன்கொடைக்கு எந்த வரிக்கழிவும் கிடையாது. தொழில் செலவாகவும் காட்ட முடியாது.

அடுத்து காசோலை. நிறுவனங்கள் கூட்டாட்சி வேட்பாளருக்கு நேரடியாகக் கொடுப்பதற்கு 1907-லிருந்தே தடை. எஸ் கார்ப்பரேஷனும் கார்ப்பரேஷன்தான். எல்எல்சி என்றால், வரித்துறையிடம் நீங்கள் என்ன தெரிவு செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். கார்ப்பரேஷனாக வரி கட்டும் எல்எல்சி கொடுக்கக் கூடாது. ஒரே உரிமையாளர் உள்ள, அப்படித் தெரிவு செய்யாத எல்எல்சி கொடுத்தால் அது உரிமையாளரின் சொந்த நன்கொடையாகக் கணக்காகும். அதைக் குழுவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். எதற்கு வம்பு? சொந்தக் கணக்கிலிருந்தே கொடுத்துவிடுங்கள். கூட்டாட்சி அரசோடு உங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் நிறுவனம் சூப்பர் பேக்குக்கும் கொடுக்கக் கூடாது.

மிகவும் ஆபத்தானது ஊழியர் விஷயம். "நீ கொடு, போனஸில் சேர்த்துவிடுகிறேன்" என்று சொன்னால், உண்மையில் கொடுப்பவர் நீங்கள். ஊழியர் பெயர் முகமூடி. சிறை வரை போன வழக்குகள் பெரும்பாலும் இந்த வகைதான். பிடிபடுவதும் எளிது. ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள், ஒரே நாளில், ஒரே தொகையை, தங்கள் சம்பளத்துக்குப் பொருந்தாத அளவில் கொடுத்திருப்பது பொது ஆவணத்தில் பளிச்சென்று தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு காங்கிரஸ் வேட்பாளருக்காக நிதி திரட்டும் விருந்து வைக்கிறோம். சாப்பாட்டுச் செலவும் நன்கொடையில் சேருமா? (வாசகி, வர்ஜீனியா)

சொந்த வீட்டில் வைத்தால், அழைப்பிதழ், உணவு, பானம் ஆகியவற்றுக்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 1,000 டாலர் வரை செலவழிப்பது நன்கொடையாகக் கருதப்படாது. நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து நடத்தினால் 2,000. அதற்கு மேல் போகும் தொகை உங்கள் 3,500-இல் கழியும். ஆகவே ஏற்கெனவே முழு வரம்பையும் கொடுத்துவிட்டவர் கேட்டரிங் செலவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ரசீதுகளின் நகலைப் பிரசாரக் குழுவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பல விருந்துகளில் தவறு நடப்பது வேறு இடத்தில். உணவக உரிமையாளரான நண்பர் "சாப்பாடு என் பொறுப்பு" என்று கடையிலிருந்து இலவசமாக அனுப்புகிறார். கடை கார்ப்பரேஷனாக இருந்தால் அது தடைசெய்யப்பட்ட நிறுவன நன்கொடை. அவர் தம் சொந்தக் கார்டில் பணம் செலுத்தி வாங்கித் தரட்டும். அந்தத் தொகை அவருடைய நன்கொடையாகக் கணக்கில் ஏறும்.

விருந்தில் ரொக்கம் வாங்கினால் ஒருவரிடம் 100 டாலருக்கு மேல் கூடாது. பெயர் சொல்லாமல் உண்டியலில் போட்டால் 50 டாலர்தான் எல்லை. யார் கொடுத்தாலும் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் நான்கையும் எழுதி வாங்குங்கள். ஒருவருடைய மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் குழு அவற்றை அறிக்கையில் காட்டியாக வேண்டும். விருந்து முடிந்த பிறகு ஒவ்வொருவராகத் துரத்திக் கேட்பது பெரும்பாடு.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா மேடையில் ஒரு வேட்பாளரைப் பேச வைக்கலாமா? சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலையும் கேட்கிறார். (சங்க நிர்வாகி, ஜார்ஜியா)

உங்கள் சங்கம் 501(சி)(3) அந்தஸ்துள்ள, அதாவது வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். அப்படிப்பட்ட அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்பது 1954 முதல் சட்டம். மீறினால் வரிவிலக்கையே இழக்க நேரிடும்.

வேட்பாளரை வேட்பாளராகவே அழைத்தால், அதே பதவிக்கு நிற்கும் மற்றவர்களுக்கும் சமமான வாய்ப்புத் தர வேண்டும். ஒருவரைப் பொங்கலுக்கும் இன்னொருவரைக் கூட்டம் வராத ஒரு வாரநாள் மாலைக்கும் அழைத்தால் அது சமம் ஆகாது. அறிமுகம் செய்பவர் யாரையும் ஆதரிக்கக் கூடாது. அரங்கில் நிதி திரட்டக் கூடாது. அவர் இப்போதே பதவியில் இருப்பவர் என்றால் அந்தப் பதவியின் பேரில் அழைக்கலாம். தேர்தலைப் பற்றிய பேச்சே வரக் கூடாது. மின்னஞ்சல் பட்டியலை இலவசமாகக் கொடுப்பது நன்கொடை. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தலைவர் தம் சொந்தப் பெயரில், சொந்த நேரத்தில், யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம். சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில், சங்கத் தலைவர் என்று போட்டுக்கொண்டு ஆதரிப்பதுதான் வம்பில் முடியும். எந்தக் கட்சியையும் சாராமல் வாக்காளர் பதிவு முகாம் நடத்துங்கள். அதைச் சங்கங்கள் இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும்.

"இன்று நள்ளிரவுக்குள் கொடுத்தால் உங்கள் பணம் 5 மடங்காகும்" என்று தினமும் குறுஞ்செய்தி வருகிறது. உண்மையா? (வாசகர், பென்சில்வேனியா)

நம்பாதீர்கள். உங்கள் 20 டாலருக்கு யாரோ ஒருவர் 80 டாலர் சேர்த்துப் போடுகிறார் என்றால், ஆயிரக்கணக்கானவர்களுக்கு அப்படிப் போட அவரால் முடியாது. அவருக்கும் 3,500-தான் வரம்பு. வேட்பாளர் பெயரில் வரும் இந்த வகை வாக்குறுதிக்குப் பின்னால் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை.

பணம் செலுத்தும் பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மாதந்தோறும் அல்லது வாரந்தோறும் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்ற கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கிறதா? 2020 தேர்தலில் இதனால் ஏராளமானோர் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டி வந்தது. இந்தக் கட்டங்களைத் தடைசெய்யுங்கள் என்று 2021-இல் தேர்தல் நிதி ஆணையமே ஒருமனதாகக் காங்கிரஸுக்குப் பரிந்துரைத்தது. அடுத்து, பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் "இதற்குப் பணம் செலுத்தியவர்" என்ற வரியைப் படியுங்கள். அங்கே வேட்பாளரின் குழுவின் பெயர் இல்லாமல் வேறு ஏதோ பேக்கின் பெயர் இருந்தால், அந்தப் பணம் வேட்பாளருக்குப் போகாது. நன்கொடையில் பெரும்பகுதியை மீண்டும் குறுஞ்செய்தி அனுப்பவும் தங்களுக்கே சம்பளம் கொடுக்கவும் செலவழிக்கும் குழுக்களும் இருக்கின்றன.

சூப்பர் பேக்குகளிடம் கோடிகள் இருக்கும்போது வேட்பாளர்கள் ஏன் 10, 20 டாலர் கேட்டு அலைகிறார்கள்? (வாசகர், மிச்சிகன்)

வேட்பாளர் கையில் இருக்கும் ஒரு டாலர், சூப்பர் பேக்கிடம் இருக்கும் ஒரு டாலரைவிட அதிகம் வாங்கும். பிரைமரிக்கு முந்தைய 45 நாள்களிலும் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 60 நாள்களிலும், தொலைக்காட்சி, வானொலி நிலையங்கள் வேட்பாளருக்குத் தங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் நேரம் தர வேண்டும். ஆண்டு முழுவதும் விளம்பரம் தரும் பெரிய வாடிக்கையாளர் என்ன கொடுக்கிறாரோ அதே விலை. சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. போட்டி கடுமையான மாநிலத்தில் அக்டோபர் மாதம் அதே 30 விநாடிக்கு அது பல மடங்கு கொடுக்க நேரிடும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வேட்பாளரின் விளம்பரத்தில் நிலையம் கை வைக்க முடியாது. பொய் இருந்தாலும் வெட்ட முடியாது. அதற்கு ஈடாக, அந்த விளம்பரத்தில் உள்ள அவதூறுக்கு நிலையம் பொறுப்பாகாது. சூப்பர் பேக் விளம்பரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. எனவே எதிர்த் தரப்பு வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால், நிலையம் ஆதாரம் கேட்கும், சில சமயம் விளம்பரத்தை நிறுத்தியும் விடும். அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம், வழக்கறிஞர் கட்டணம் ஆகிய அன்றாடச் செலவுகளையும் வேட்பாளர் தம் குழுப் பணத்தில்தான் நடத்த வேண்டும்.

இந்தியத் தேர்தல் ஆணையம் போல இங்கே எல்லாவற்றையும் நடத்தும் அமைப்பு எது? (வாசகர், ஒஹாயோ)

அப்படி ஒன்று இல்லை. தேர்தலை மாநிலச் சட்டப்படி கவுன்ட்டிகளும் நகரங்களும் நடத்துகின்றன. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் இருப்பது பணத்தை மட்டும் பார்க்கும். ஒரு வாக்கைக்கூட எண்ணாது. 2002 சட்டத்தால் வந்த இன்னொரு ஆணையம் வாக்கு இயந்திரங்களைச் சோதித்துச் சான்று தருகிறது, யோசனை சொல்கிறது. கட்டளையிடும் அதிகாரம் அதற்கில்லை.

நிதி ஆணையத்தில் ஆறு பேர். ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்குகள் வேண்டும். ஒரு கட்சி ஆணையத்தை ஆயுதமாக்கிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது. பலன், முக்கியமான புகார்களில் 3-க்கு 3 என்று முட்டி நின்று கோப்பு மூடப்படுகிறது. 2025 மே மாதத்தில் நான்கு உறுப்பினர்கள்கூட இல்லாத நிலையும் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் புதிய விசாரணை தொடங்க முடியாது, கருத்துரை தர முடியாது. கணக்கு அறிக்கைகள் மட்டும் வழக்கம்போல் வந்து வெளியாகிக்கொண்டிருக்கும். நேர்மையாக நடக்க விரும்பும் சிறிய பிரசாரக் குழுதான் இதில் அதிகம் தவிக்கிறது. "இப்படிச் செய்யலாமா" என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

நிர்வாகம் பிரிந்து கிடப்பதால் முடிவுகளின் வேகமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் அஞ்சல் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கவே கூடாது; ஃபுளோரிடாவில் முன்கூட்டியே தயார் செய்யலாம். இரவில் ஒருவர் முன்னணியில் இருந்து காலையில் பின்தங்குவது இதனால்தான். அதில் மோசடி எதுவும் இல்லை. அஞ்சலில் வாக்களிப்பவர்கள் உறையின் மேல் கையெழுத்திட மறப்பதும், கையெழுத்து பழைய பதிவோடு ஒத்துப்போகாததும்தான் வாக்குகள் தள்ளப்படுவதற்கு அடிக்கடி நேரும் காரணங்கள். உங்கள் கவுன்ட்டி இணையதளத்தில் வாக்குச்சீட்டின் நிலையைப் பாருங்கள். பல மாநிலங்களில் குறிப்பிட்ட நாளுக்குள் போய்ச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு.

அதிக வாக்குப் பெற்றவர் அதிபராகாமல் போவது எப்படி? (மாணவி, மாசசூசெட்ஸ்)

அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியான தேர்வாளர்கள். மொத்தம் 538 தேர்வாளர்கள், வெற்றிக்கு 270 வேண்டும். மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும் தலைநகரிலும் ஒரு வாக்கு அதிகம் பெற்றாலே எல்லாத் தேர்வாளர்களும் அவருக்கே. 2000-இல் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம் முழு நாட்டின் முடிவையும் தீர்மானித்தது. 2016-இலும் நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவர் தோற்றார்.

வருமான வரிப் படிவத்தில் அதிபர் தேர்தலுக்கு 3 டாலர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே? (வாசகர், வட கரோலினா)

குறியிட்டால் உங்கள் வரி கூடாது, திரும்ப வரும் பணமும் குறையாது. அரசு நிதியிலிருந்து 3 டாலர் ஒதுக்கப்படும், அவ்வளவே. அந்த நிதியை வாங்கும் அதிபர் வேட்பாளர் செலவுக்கு வரம்பு ஏற்க வேண்டும். 2008-இல் ஒபாமா அதை மறுத்தார், மெக்கெய்ன் 8.41 கோடி டாலர் வாங்கிக்கொண்டு அந்த வரம்புக்குள் போட்டியிட்டார். அதற்குப் பிறகு இரு பெரிய கட்சிகளின் அதிபர் வேட்பாளர் எவரும் பொதுத் தேர்தலுக்கு அதைத் தொடவில்லை.

தோற்றவரிடம் மிஞ்சும் பணம் என்னவாகும்? யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று நாமே பார்க்க முடியுமா? (வாசகர், வாஷிங்டன் மாநிலம்)

மிஞ்சிய பணத்தை நன்கொடையாளருக்குத் திருப்பித் தரலாம், தொண்டு நிறுவனத்துக்கோ கட்சிக்கோ கொடுக்கலாம், அடுத்த தேர்தலுக்கு வைத்துக்கொள்ளலாம். சொந்தச் செலவுக்குத் தொடக் கூடாது. வேட்பாளராக நின்றிருக்காவிட்டாலும் இந்தச் செலவு வந்திருக்குமா என்பதே சோதனை. வீட்டுக் கடன், உடைகள், பிள்ளைகளின் கல்விக் கட்டணம் எல்லாம் தடைக்குள் வரும். பிரசாரத்துக்குப் போவதால் மட்டும் தேவைப்படும் குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு 2018-இல் அனுமதி கிடைத்தது. இளம் தாய்மார்கள் போட்டியிட அது பெரிய உதவி.

எல்லாவற்றையும் நிதி ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தனிநபர் நன்கொடைப் பகுதியில் பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் போட்டுத் தேடுங்கள். 200 டாலருக்குக் கீழே கொடுத்தால் பெயர் வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆக்ட்புளூ, வின்ரெட் போன்ற தளங்கள் வழியாக ஒரு வேட்பாளருக்குக் கொடுத்தால், அந்தத் தளங்கள் சிறிய தொகையையும் பெயரோடு அறிக்கையில் காட்டுகின்றன. அங்கே கிடைக்கும் பெயர்களை எடுத்து நன்கொடை கேட்கவோ வியாபாரத்துக்கோ பயன்படுத்துவது சட்டவிரோதம். சங்கங்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

தேடினாலும் கிடைக்காத ஒரு வகைப் பணம் உண்டு. 501(சி)(4) எனப்படும் சமூக நல அமைப்புகள் பொதுவாக நன்கொடையாளர் பெயரை வெளியிட வேண்டியதில்லை. அந்த அமைப்பு சூப்பர் பேக்குக்குப் பணம் தந்தால், பட்டியலில் அமைப்பின் பெயர் மட்டும் நிற்கும். அதற்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தெரியாது. சூப்பர் பேக் அறிக்கையைப் படிக்கும்போது கொடுத்தவர் வரிசையில் ஆள் பெயர்கள் எத்தனை, கேள்விப்படாத அமைப்புப் பெயர்கள் எத்தனை என்று முதலில் பாருங்கள். கொடுத்த தேதியையும் பாருங்கள். தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன் தொடங்கிய குழு என்றால், கொடுத்தவர்களின் முதல் பட்டியலே வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் வெளிவரும்.